முகப்புக் கண்ணாடியும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் தினந்தோறும் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சப்தம் நன்றாகப் பழக்கம். முன்னே ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி போய்க்கொண்டிருக்கும். அதன் மேல் தார்ப்பாய் இராது. இருந்தாலும் பாதி காற்றில் பறந்துகொண்டிருக்கும். லாரியின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். அடுத்த கணத்தில் ‘டக்’ என்று ஒரு சப்தம். முகப்புக் கண்ணாடியில் நட்சத்திரம்போல் ஒரு வடு. வண்டி மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் சாயங்காலம் வரையில் வெயிலில் நின்றால், அந்த நட்சத்திரத்துக்கு வால் முளைத்திருக்கும். மறுநாள் குளிர்சாதனத்தைத் திருகியதும் வால் கண்ணாடியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடிவிடும். கல் எந்த லாரியிலிருந்து விழுந்தது, அதன் நம்பர் என்ன, சொந்தக்காரர் யார் என்பதெல்லாம் ஈசுவரனுக்கே வெளிச்சம்.

ஒரு தினசரிப் பத்திரிகையின் தலையங்கத்துக்கு இது ஏற்ற விஷயமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். யுத்தமும் தேர்தலும் பட்ஜெட்டும் இருக்க, கண்ணாடி என்ன பிரமாதம் என்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. மறைமலைநகரிலும் அதைச் சுற்றியுள்ள சிங்கப்பெருமாள்கோவில், பரனூர், ஒரகடம் முதலிய இடங்களிலும் மோட்டார்த் தொழிலே பிரதான ஜீவனம். ஃபோர்டு கம்பெனியார் தங்கள் தொழிற்சாலையை நிறுவியது மறைமலைநகரில்தான். இந்தியாவில் மோட்டார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அவர்கள் 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022ஆம் வருஷத்தில் அங்கே வேலை நின்றதை ஊரார் இன்னும் மறக்கவில்லை. மோட்டாரைச் செய்து பழகிய கைகளே அதைத் தவணையில் வாங்கி ஓட்டவும் செய்கின்றன. மாதத் தவணை கட்டுகிற குடும்பத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் என்பது சில்லறைக் காசல்ல. அந்தச் செலவு வரும் நாளுக்கென்றே அவர்கள் வருஷா வருஷம் இன்ஷ்யூரன்ஸ் பிரீமியம் கட்டி வருகிறார்கள். அந்த நாள் வந்ததும் நடப்பது என்ன என்பதே நமது கேள்வி.

முதலில் லாரிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடச் சாமான்களை மூடாமல் ஏற்றிச் செல்லலாகாதென்று மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா 2018ஆம் வருஷத்திலேயே விதி செய்திருக்கிறது. பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்த வண்டியின் மேல் மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு மன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 165ஆம் பிரிவும் சொல்லுகிறது. காகிதத்தில் எல்லாம் செவ்வையாகத்தான் இருக்கிறது. ஆனால், நம்பர் தெரியாத லாரியின் மேல், எட்டாயிரம் ரூபாய்க் கண்ணாடிக்காக, செங்கற்பட்டுக் கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டு நிற்கும்படி எந்தக் கட்சிக்காரருக்கும் மனச்சாட்சியுள்ள வக்கீல் யோசனை சொல்லமாட்டார். ஆகவே, அடிபட்டவர் தம்முடைய கம்பெனியிடம்தான் போகவேண்டியிருக்கிறது.

போனால், முதலில் கிடைக்கும் செய்தி நல்ல செய்தியாகவே இருக்கும். சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்குச் சொந்தக் கண்ணாடிக்குக் காலணாவும் பெயராது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்தவருக்கோ, கண்ணாடி விஷயத்தில் விதி தாராளமாகவே இருக்கிறது. பழைய சாமானுக்குப் புதுச் சாமான் போடும்போது, தேய்மானம் என்று கம்பெனியார் ஒரு பங்கைக் கழிப்பது வழக்கம். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் சாமான்களுக்கும் டயர், பாட்டரிகளுக்கும் பாதியைக் கழிப்பார்கள். ஃபைபர் கண்ணாடி உறுப்புகளுக்கு 30 சதவீதம் கழியும். உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதைப் பார்த்து 5 சதவீதத்தில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் 50 சதவீதம் வரையில் போகும். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானமே இல்லை. எத்தனை வருஷத்துக் கண்ணாடியானாலும் முழு விலையும் கொடுக்கவேண்டும். ‘ஜீரோ டிப்ரிஸியேஷன்’ என்ற தனி இணைப்பை விற்கும் ஏஜெண்டுகள் சிலர், அது இல்லாவிட்டால் கண்ணாடிக்குப் பாதிதான் வரும் என்று பயமுறுத்துவதுண்டு. அது தவறு. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டைக்கு அந்த இணைப்பு உதவும். கண்ணாடிக்கு அது தேவையில்லை.

கழிவது ஒன்று உண்டு. 1500 சி.சி.க்கு உட்பட்ட சொந்த மோட்டாருக்கு முதல் 1,000 ரூபாயையும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயையும் சொந்தக்காரரே போட்டுக்கொள்ளவேண்டும். ஒட்டும் பசை முதலிய சில்லறைச் சாமான்களைச் சில கம்பெனியார் ஒப்புக்கொள்வதில்லை. இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவைதாம்.

சில காலத்துக்கு முன் நமது வண்டிக்கே இந்தக் கதி நேர்ந்தது. கம்பெனிக்கு டெலிபோன் செய்தோம். பதில் சொன்ன பெண்மணி மிகவும் மரியாதையாகப் பேசினார். கிளெயிமைப் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று மூன்று முறை கேட்டார். பதிவு செய்தால் பின்னால் எவ்வளவு போகும் என்று ஒரு முறையும் சொல்லவில்லை. நாமே கேட்டதற்கு, “அது ரினியூவல் சமயத்தில் தெரியும், சார்” என்றார். சட்டம் படித்தவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற நாமே பாலிசியைப் பீரோவிலிருந்து எடுத்துப் படித்து, காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று.

அந்தக் கணக்கை வாசகர்கள் முன் வைக்கிறோம். ஒரு வருஷம் கிளெயிம் எதுவும் செய்யாதவருக்கு, மறு வருஷம் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளிக்கொடுக்கிறார்கள். இரண்டாம் வருஷமும் அப்படியே போனால் 25, மூன்றாம் வருஷத்துக்கு 35, நான்காம் வருஷத்துக்கு 45, ஐந்தாம் வருஷத்துக்கு 50 சதவீதம். இதற்கு ‘நோ கிளெயிம் போனஸ்’ என்று பெயர். 2002ஆம் வருஷத்து இந்திய மோட்டார் டாரிஃபின் 27ஆவது பொது விதியில் கண்ட ஏணி இது. சொந்தச் சேத விகிதங்களை நிர்ணயிக்கும் சுதந்திரம் 2007 ஜனவரி முதல் தேதி முதல் கம்பெனிகளுக்குக் கிடைத்துவிட்டது; ஆயினும் இந்த ஏணி மட்டும் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. ஏறுவதற்கு ஐந்து வருஷம் ஆகும். ஒரே ஒரு கிளெயிம் செய்தால், அது ஆயிரம் ரூபாய்க்கானாலும் லட்ச ரூபாய்க்கானாலும், ஏணியின் உச்சியிலிருந்து தரைக்கு வந்துவிடவேண்டும்.

ஐந்து வருஷம் ஜாக்கிரதையாக ஓட்டி உச்சப்படியில் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சொந்தச் சேதப் பிரீமியம், போனஸைக் கழிப்பதற்கு முன்னால், 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதி கழிய, அவர் கட்டுவது 6,000. கண்ணாடி மாற்ற 9,000 ரூபாய் பில். கிளெயிம் செய்கிறார், 1,000 கழிய 8,000 கிடைக்கிறது. சந்தோஷம். மறு வருஷம் போனஸ் பூஜ்யம். 6,000க்குப் பதில் 12,000 கட்டுகிறார். அதற்கு மறு வருஷம் 9,600; பிறகு 9,000; பிறகு 7,800; ஐந்தாம் வருஷம் 6,600. ஆறாம் வருஷத்தில்தான் பழைய 6,000க்கு வந்து சேருகிறார். அதிகமாகக் கட்டியதைக் கூட்டினால் 6,000, 3,600, 3,000, 1,800, 600. ஆக 15,000 ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம் 2,700ஐயும் சேர்த்தால் 17,700. எட்டாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு பதினேழாயிரத்து எழுநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்! கடன் கொடுக்கும் சேட்டிடம் போயிருந்தாலும் வட்டி இன்னதென்று முதலிலேயே சொல்லியிருப்பார்.

வண்டிக்கு வயதாக ஆகப் பிரீமியம் சிறிது குறையும் என்பது உண்மை. அதனால் மேலே கண்ட நஷ்டமும் சிறிது குறையும்; தலைகீழாக மாறிவிடாது. முதல் படியில் மட்டும் நிற்பவருக்குக்கூட, அதாவது 20 சதவீதம் போனஸ் உள்ளவருக்கும், இதே கணக்கில் 9,600 ரூபாயும் வரியும் போகிறது. வரியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தனி மனிதர்களின் ஆயுள் இன்ஷ்யூரன்ஸுக்கும் உடல்நல இன்ஷ்யூரன்ஸுக்கும் 2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் இந்த வரியிலிருந்து விலக்களித்த சர்க்கார், சட்டத்தின் கட்டாயத்தால் வாங்கவேண்டியிருக்கிற மோட்டார் இன்ஷ்யூரன்ஸுக்கு அந்தக் கருணையைக் காட்டவில்லை.

இந்த ஏணியின் பலன் ரோட்டில் தெரிகிறது. கணக்குத் தெரியாதவர் கிளெயிம் செய்து ஏமாறுகிறார். கணக்குத் தெரிந்தவரோ, கையிலும் பணமில்லாவிட்டால், விரிசல் விட்ட கண்ணாடியுடனேயே மாதக்கணக்கில் ஓட்டுகிறார். இரண்டாமவரைப் பற்றித்தான் நமக்கு அதிகக் கவலை.

முகப்புக் கண்ணாடி வெறும் காற்றுத் தடுப்பு அல்ல. பக்கத்துக் கண்ணாடிகள் உடைந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். முகப்புக் கண்ணாடி அப்படி உதிராது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டிச் செய்வது அது. எதுவார் பெனெதிக்துஸ் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர் 1903ஆம் வருஷத்தில் அலமாரியிலிருந்து தவறி விழுந்த ஒரு குடுவை நொறுங்கியும் சிதறாமல் நின்றதைக் கண்டு, உள்ளே உலர்ந்துபோயிருந்த செல்லுலோஸ் படலமே காரணம் என்று அறிந்து, 1909இல் அதற்கு உரிமை பெற்றார். இன்றைய வண்டிகளில் இந்தக் கண்ணாடி கூரைக்கும் ஒரு தாங்கல். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் காப்பதில் அதற்குப் பங்குண்டு. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் காற்றுப்பை விரியும்போது இந்தக் கண்ணாடியில் மோதித்தான் அவர் பக்கம் திரும்புகிறது. கண்ணாடி விரிந்திருந்தாலோ, மட்டமான பசையால் ஒட்டியிருந்தாலோ, காற்றுப்பை கண்ணாடியையே வெளியே தள்ளிவிடக்கூடும். இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் விரிசலில் பட்டுச் சிதறி ஓட்டுபவரின் கண்ணைக் குருடாக்குவதைப் பற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரையில் ராத்திரி ஓட்டியவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. முகப்புக் கண்ணாடி 70 சதவீதம் வெளிச்சத்தையாவது உள்ளே விடவேண்டுமென்பது விதி. அதில் கறுப்புக் காகிதம் ஒட்டலாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2012 ஏப்ரலில் கண்டிப்பாகத் தீர்ப்பளித்தது. பார்வை மறைவதில் அவ்வளவு கவலை கொண்ட ராஜ்யம், விரிசலை மாற்றுகிறவனுக்கு அபராதம் போடுவதுபோன்ற ஓர் ஏணியைக் கண்டுகொள்ளாமல் இருப்பது நமக்கு விளங்கவில்லை.

புது வண்டிகளில் சங்கடம் வேறு விதம். முன்னே வரும் வண்டியையும் ரோட்டுக் கோட்டையும் பார்த்துத் தானே பிரேக் போடும் ஏற்பாட்டுக்கு வேண்டிய காமிராவை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னாலேயே வைக்கிறார்கள். கண்ணாடியை மாற்றினால் காமிராவையும் மறுபடி நேர்படுத்தவேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் தவறாகப் பார்க்கும். அத்தகைய கண்ணாடியின் செலவு நாம் மேலே சொன்ன 9,000இல் அடங்காது. பில் 40,000 ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொண்டால், அங்கே கிளெயிம் செய்வதே லாபம். ஆகவே, எப்போதும் கிளெயிம் செய்யாதே என்றோ, எப்போதும் செய் என்றோ பொதுவில் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தம் பில்லையும் தம் படியையும் வைத்துக் கணக்குப் பார்க்கவேண்டும். கணக்குப் பார்க்க வேண்டிய எண்கள் எல்லாம் கம்பெனியாரிடம் இருக்கின்றன. கிளெயிம் கேட்கிற கணத்தில் அவர்களுடைய இயந்திரம் ஒரு விநாடியில் அதைச் சொல்லிவிடும். சொல்லச் சொல்லி யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை; அதனால் சொல்லவில்லை.

கம்பெனியாரின் கட்சியையும் கேட்போம். சிறு சிறு கிளெயிம்களை விசாரித்துப் பைசல் செய்யும் செலவு, கொடுக்கும் தொகையைவிட அதிகமாகிவிடும் என்கிறார்கள். போனஸ் போகாதென்றால் சிறு கீறலுக்கும் எல்லாரும் புதுக் கண்ணாடி கேட்பார்கள் என்கிறார்கள். இது முழுப் பொய் அல்ல. அமெரிக்காவில் ஃபிளாரிடா, கெண்டக்கி, தென் கரோலைனா ஆகிய மூன்று ராஜ்யங்களில், விரிவான பாலிசி உள்ளவரின் முகப்புக் கண்ணாடிக்கு முதல் தொகை எதையும் கழிக்கக்கூடாதென்று சட்டமே உண்டு. ஃபிளாரிடாவில் என்ன நடந்தது? கண்ணாடிக் கடைக்காரர்கள் வண்டி நிறுத்துமிடங்களில் காத்திருந்து, பரிசுகளைக் காட்டிக் கண்ணாடி மாற்றச் சொல்லி, நஷ்ட ஈட்டு உரிமையைத் தங்கள் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, கம்பெனிகளின் மேல் கணக்கற்ற வழக்குகளைத் தொடுத்தார்கள். 2023ஆம் வருஷத்தில் அந்த ராஜ்யத்தின் சட்டசபை அவ்விதம் எழுதி வாங்குவதையும் பரிசு காட்டுவதையும் தடுத்துச் சட்டம் செய்யவேண்டியதாயிற்று. கவனிக்கவும்: வியாபாரிகளின் தந்திரத்தைத் தடுத்தார்களே ஒழிய, ஜனங்களுக்குக் கொடுத்த சலுகையைப் பறிக்கவில்லை. பிரிட்டனிலோ சட்டம் எதுவும் இல்லாமலே, கண்ணாடி கிளெயிம் செய்தவரின் போனஸைப் பெரும்பாலான கம்பெனிகள் தொடுவதில்லை. மாற்றுவதைவிடப் பழுது பார்த்துக்கொண்டால் சொந்தக்காரர் கையிலிருந்து போடவேண்டிய தொகையையும் குறைத்துவிடுகிறார்கள். போனஸ் என்பது ஜாக்கிரதையான ஓட்டத்துக்குக் கொடுக்கும் சன்மானம். முன்னே போகும் லாரியிலிருந்து பறந்துவந்த கல்லுக்கும் ஓட்டியவரின் ஜாக்கிரதைக்கும் என்ன சம்பந்தம்?

நமது நாட்டிலும் சில கம்பெனியார் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு போனஸைக் காப்பாற்றும் இணைப்பு விற்கிறார்கள். நியாயத்தை வேண்டியவருக்கு மட்டும் தனி விலைக்கு விற்பது வியாபாரத்துக்குப் பொருந்தலாம். பொதுஜன நம்பிக்கையின் மேல் நடக்கும் ஸ்தாபனங்களுக்குப் பொருந்தாது. இந்தியாவில் சுதேச இன்ஷ்யூரன்ஸின் பெரும் பகுதி சுதேசி இயக்கத்தின் வெப்பத்தில் பிறந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி ஸ்தாபித்த அதே 1906ஆம் வருஷத்தில்தான் சென்னையில் யுனைடெட் இந்தியாவும் கல்கத்தாவில் நேஷனல் கம்பெனியும் தோன்றின. மறு வருஷம் ஹிந்துஸ்தான் கோவாபரேடிவ் கம்பெனி ஜொராசங்கோவில் தாகூர் மாளிகையின் ஓர் அறையில் பிறந்தது. அந்நியக் கம்பெனிகளிடம் போகும் பிரீமியம் நம் நாட்டிலேயே நிற்கவேண்டுமென்று பெரியோர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். பிறகு 1972ஆம் வருஷத்துச் சட்டத்தால் 107 பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளைத் தேசிய உடைமையாக்கி நான்காகச் சேர்த்தார்கள். அந்நான்கில் ஒன்றுக்குச் சென்னையே தலைமை ஸ்தலம். 2000ஆம் வருஷத்தில் தனியாருக்கு மறுபடி வழி திறந்தது. அந்நிய மூலதனத்தின் வரம்பு 26இல் தொடங்கி, 2015இல் 49 ஆகி, 2021இல் 74 ஆயிற்று. 2025 டிசம்பரில் பார்லிமெண்டு நூறு சதவீதத்துக்கும் கதவைத் திறந்தது. மூலதனம் யாருடையதாயினும் ஆகட்டும். பிரீமியம் கட்டுகிற கை இந்நாட்டாருடையது. லண்டனில் கண்ணாடி உடைந்தவனுக்குப் போனஸ் நிற்கிறது. மறைமலைநகரில் உடைந்தவனுக்குப் போகிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கேட்கும் உரிமை நமக்குண்டு.

பாஷை விஷயத்தையும் இங்கே சொல்லியாகவேண்டும். இந்த ஊர் மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேதாசலம் என்று பெற்றோர் இட்ட பெயரையே தமிழாக்கிக்கொண்டு, 1916ஆம் வருஷத்தில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, இதே ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலுள்ள பல்லாவரத்தில் வாழ்ந்து 1950இல் மறைந்தவர் அவர். நாம் எழுதுகிற இந்தக் கலப்புத் தமிழைக் கண்டால் அவர் முகம் சுளிப்பார் என்பது நமக்குத் தெரியும். ஆனால், அவர் பெயருள்ள ஊரில் குடியிருக்கும் தொழிலாளியின் கையில் கம்பெனியார் கொடுக்கும் பாலிசியைக் கண்டால் என்ன சொல்லியிருப்பாரோ! முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரையில் இங்கிலீஷ். அதிலும் இங்கிலீஷ் படித்தவர்களே இரண்டு தரம் வாசிக்கவேண்டிய இங்கிலீஷ். இன்ஷ்யூரன்ஸ் கண்காணிப்பு ஸ்தாபனம் 2002ஆம் வருஷத்தில் செய்த விதிகளில், பாலிசி சம்பந்தமான பத்திரங்களை அரசியல் சட்டம் அங்கீகரித்த பாஷைகளில், சந்தர்ப்பத்துக்கேற்பக் கொடுக்கலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. ‘கொடுக்கலாம்’ என்று சட்டத்தில் எழுதினால் ‘கொடுக்காமலும் இருக்கலாம்’ என்று அர்த்தம். இருபது வருஷத்துக்கு மேல் கம்பெனியார் அந்த இரண்டாவது அர்த்தத்தின்படியே நடந்து வந்திருக்கிறார்கள். பிரீமியம் கட்டும்படி ஞாபகமூட்டும் செய்திகள் மட்டும் நல்ல தமிழில் வருகின்றன.

அந்த ஸ்தாபனத்தார் நல்லது எதுவும் செய்யவில்லையென்று நாம் சொல்லவில்லை. சேதத்தை அறிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்கவேண்டும், அவருடைய அறிக்கையை 15 நாளில் பெறவேண்டும், அது கிடைத்த 7 நாளில் முடிவு சொல்லவேண்டும், பத்திரம் இல்லையென்று மட்டும் சொல்லிக் கிளெயிமைத் தள்ளக்கூடாது என்றெல்லாம் 2024 ஜூனில் அவர்கள் உத்தரவிட்டிருப்பது மெச்சத்தக்கதே. சீக்கிரம் கொடு என்று சொன்னவர்கள், கொடுத்ததை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்க மறந்துவிட்டார்கள்.

ஆகவே, ஹைதராபாத்திலுள்ள அந்த ஸ்தாபனத்தாரிடம் நாம் கேட்பவை இவை. முகப்புக் கண்ணாடிக்காக மட்டும் செய்யும் கிளெயிம், வருஷத்துக்கு ஒன்று வரையில், போனஸைத் தொடலாகாது. நாணய அளவுக்குட்பட்ட சிறு வடுவை ரெசின் ஊற்றிப் பழுது பார்த்துக்கொள்பவரிடம் முதல் 1,000 ரூபாயையும் கழிக்கலாகாது. அப்படிச் செய்தால் ஜனங்கள் விரிசல் நீளுமுன் வருவார்கள், கம்பெனிக்கும் புதுக் கண்ணாடியின் விலை மிச்சமாகும். எந்தக் கிளெயிமையும் பதிவு செய்வதற்கு முன்னால், இன்று வரப்போவது இவ்வளவு, இனி வரும் ஐந்து வருஷத்தில் போனஸ் வழியாகப் போகப்போவது இவ்வளவு என்று இரண்டே வரியில், தமிழ்நாட்டில் தமிழில், எழுதிக்காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும். கடைசியாகச் சொன்னதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

தமிழ்நாடு சர்க்காரிடமும் ஒரு வார்த்தை. பரனூர்ச் சுங்கச்சாவடியைத் தாண்டும் ஒவ்வொரு வண்டியையும் காமிரா படம் பிடிக்கிறது. கட்டணம் கட்டாத வண்டியைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குத் தார்ப்பாய் போடாத லாரி மட்டும் தெரியாமற்போவது விசித்திரம்.

இவை நடக்கும் வரையில் வாசகர்கள் செய்யவேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம். கல் பட்டவுடன், நம்பர்ப் பலகையும் தெரியும்படி வடுவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். வடு சிறிதாகவும் ஓட்டுபவரின் பார்வைக்கு விலகியும் இருந்தால் அன்றே ரெசின் போட்டுக்கொள்வது உத்தமம்; அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம்கூடத் தாமதிக்கலாகாது. மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், முதலில் கராஜில் எஸ்டிமேட் வாங்கி, பிறகு ஏணிக் கணக்கைப் போட்டுப் பார்த்து, கிளெயிம் லாபமென்று கண்டால் மட்டும் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டும். கம்பெனியாரின் மனிதர் பார்ப்பதற்கு முன்னால் பழைய கண்ணாடியைக் கழற்றிவிடக்கூடாது. பார்க்காத சேதத்துக்குப் பணம் கொடுக்க எந்தக் கம்பெனியும் சம்மதிக்காது. புதுக் கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற முத்திரை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்கவேண்டும். பசை இறுகும் வரையில், கராஜ்காரர் சொல்லும் நேரம் வரையில், வண்டியை எடுக்கக்கூடாது. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்ததைப் போன்ற சமயங்களில் மரக்கிளை விழுந்து கூரையும் கண்ணாடியும் சேர்ந்து நொறுங்கினால், அங்கே தயக்கமின்றிக் கிளெயிம் செய்யவேண்டும், அதற்குத்தான் பாலிசி.

கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் வில்லை பழைய கண்ணாடியோடு போய்விடும். அதை மறந்து, புதுக் கண்ணாடி பளபளக்கப் பரனூர்ச் சாவடிக்குள் நுழைகிறவரிடம் ரொக்கமென்றால் இரட்டைக் கட்டணமும், 2025 நவம்பர் 15ஆம் தேதி முதல் யு.பி.ஐ. என்றால் ஒன்றேகால் பங்கும் வாங்குகிறார்கள். இந்தச் செலவை எந்தப் பாலிசியும் ஏற்பதில்லை. கண்ணாடி மாற்றும் அன்றே வங்கியில் மாற்று வில்லைக்கு எழுதிப் போட்டுவிடவேண்டும்.

கிளெயிமில் அநியாயம் நடந்ததென்று கருதுபவர் முதலில் கம்பெனிக்கே எழுதவேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் ஒரு வருஷத்துக்குள் மனுப் போடலாம். கட்டணம் இல்லை. வக்கீலுக்கும் அங்கே இடமில்லை. அதைப் பற்றி நமது தொழில் நண்பர்கள் வருந்தலாம், மனுதாரர்கள் வருந்தவேண்டியதில்லை. மனுவைத் தமிழிலேயே எழுதட்டும். கம்பெனியார் இங்கிலீஷில் பதில் சொன்னால், அதைத் தமிழில் தரும்படி இன்னொரு மனு எழுதட்டும்.